கோழிக்கால் மஞ்சளும் முட்டைக்கரு சிவப்பும் எங்க இருந்து வருது

போன சித்திரையில கீழக்கரை லாத்தா (முஸ்லிம் வீட்டு அக்காவை இங்க அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒருத்தவங்க வட்டலப்பம்னு முட்டையில செய்யுற இனிப்புக்காக எங்க வீட்டுல முப்பது நாட்டுமுட்டை வாங்கிட்டுப் போனாங்க. மறுநாள் காலையிலயே போன். "என்ன தம்பி, நாட்டுமுட்டைன்னு சொல்லிக் குடுத்திய, கரு வெள்ளரிப்பழம் கணக்கா வெளிறிக் கெடக்கு, கடை முட்டையே இதவிட மஞ்சளா இருக்கே"ன்னு. எனக்கு கோவம் வந்துச்சு, சாயங்காலம் கடையில ஒரு நாமக்கல் முட்டை வாங்கிட்டு வந்து நம்ம முட்டையும் அதையும் ஒரே தட்டுல ஒடச்சு ஊத்திப் பாத்தா லாத்தா சொன்னது அப்படியே நெசம். கடை முட்டை நல்ல மஞ்சள், நம்ம முட்டை சோகை புடிச்ச மாதிரி. அன்னைக்கு ஆரம்பிச்சது தான் இந்த கலர் ஆராய்ச்சி, கெடச்சதெல்லாம் படிச்சு, டாக்டர்கிட்ட கேட்டு, வீட்டுக் கோழிக்கு போட்டுப் பாத்து ஒரு வருசம் ஓடிருச்சு.

முதல்ல ஒரு விசயம், இது புரிஞ்சா பாதி புரிஞ்ச மாதிரி. மஞ்சக்கருவுல இருக்குற மஞ்சளைக் கோழியால தானா உண்டாக்க முடியாது, எந்தக் கோழியாலயும் முடியாது. அது பூரா தீவனத்துல இருந்து வரணும். கேரட்டினாய்டுன்னு ஒரு பெரிய நிறமிக் குடும்பம் இருக்கு, அதுல சாந்தோஃபில்னு ஒரு வகை, லூட்டின், சியாசாந்தின் எல்லாம் அதுல வரும், இதுங்க தான் கருவுலயும் காலுலயும் அலகுலயும் போய் ஒக்காருது. பச்சை இலையில இருக்கு, மஞ்சள் மக்காச்சோளத்துல இருக்கு, பூவுல இருக்கு. அரிசியில கெடையாது. குருணை, தவிடு, மிச்சச் சோறு, தேங்கா புண்ணாக்கு, கம்பு இதை மட்டும் தின்னா கரு வெளிறத்தான் செய்யும்.

இப்ப நம்ம ஊரு கோழி என்ன திங்குதுன்னு யோசிச்சுப் பாருங்க. ராமநாதபுரம் கடற்கரையில மழைன்னா ஐப்பசி, கார்த்திகை, மார்கழி தான். அந்த மூணு மாசம் கண்மாய்க்கரை, பனங்காடு, வீட்டுக்குப் பின்னாடி எல்லாம் பச்சை கட்டும், கோழி புல்லு, கீரை, பூச்சி, புழுன்னு கொத்தும், முட்டைக்கரு தானா செவக்கும். பங்குனி தாண்டிட்டா தரையில ஒரு பச்சை இருக்காது, சீமைக்கருவேலம் மட்டும் நிக்கும், அதைக் கோழி என்ன பண்ணும். வீட்டுல போடுற குருணையும் மீன் குடலும் தான் சாப்பாடு. நாமக்கல் பண்ணைக்கோழி கூண்டுக்குள்ளயே கெடந்தாலும் அதோட தீவனத்துல பெரும்பங்கு மஞ்சள் மக்காச்சோளம், கிலோவுக்கு சுமார் 20 மில்லிகிராம் சாந்தோஃபில் அதுல இருக்கு. அதான் கோடையில கடை முட்டை ஜெயிக்குது. "நாட்டுக்கோழின்னா கரு செவப்பா இருக்கும்"ங்கிறது கார்த்திகையில சரி, சித்திரையில பொய்.

அப்புறம் நாள் கணக்கு. கருவு ஒரே நாள்ல உருவாகுறது இல்ல, முட்டை வெளிய வர்றதுக்கு முந்துன பத்து நாள் போல அது வேகமா ஊதுது, வெங்காயம் மாதிரி அடுக்கு மேல அடுக்கா. இன்னைக்கு முருங்கைக்கீரை போட்டா இன்னைக்கு சேர்ற அடுக்குல மட்டும் தான் அந்த நிறம். அதனால மூணாவது நாள் லேசா தெரியும், முழுசா நிறம் பிடிக்க பத்து பன்னெண்டு நாள் ஆகும், நிறுத்துனாலும் அதே கணக்குல எறங்கும். இது தெரியாம நாலு நாள் போட்டுட்டு "ஒண்ணும் ஆகல"ன்னு விட்டவன் நானும் தான்.

சரி எது போட்டா ஏறும் எது ஏறாது. இங்க தான் நெறைய பேரு ஏமாறுறாங்க, நானும் ஏமாந்தேன். ஒரு கடையில "இயற்கை கலர் பவுடர், கரு ரத்தச் செவப்பா வரும்"னு ஒரு பாக்கெட் குடுத்தாங்க, பாக்கெட்ல என்ன இருக்குன்னு ஒரு வரி கூட கெடையாது, ரெண்டு வாரம் தீவனத்துல கலந்து போட்டேன், கோழி எச்சம் ரோஸ் கலர்ல வந்துச்சு, கரு அப்படியே. காரணம் ரொம்ப சிம்பிள். கருவு கொழுப்பு நெறஞ்ச எடம், கொழுப்புல கரையுற நிறம் தான் அங்க போகும். தண்ணியில கரையுற நிறம் எவ்வளவு செவப்பா இருந்தாலும் குடல்லயே சிதைஞ்சிரும், மிச்சம் எச்சத்துல போயிரும். பீட்ரூட்டு, செம்பருத்தி, நாவப்பழம் எல்லாம் இந்தக் கணக்கு தான். வெறும் மஞ்சள்தூளும் அப்படித்தான், அது தண்ணியில கரையாது தான், ஆனா குடல்ல சரியா உறிஞ்சாது, கருவுக்குப் பெருசா போய்ச் சேராது.

நம்ம ஊர்ல இந்தக் குழப்பம் அதிகமா வர்றது கடல்பாசியில. 1947ல ஆரம்பிச்ச மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தோட தலைமையகம் மண்டபத்துல தான் ரொம்ப காலம் இருந்துச்சு, அப்புறம் தான் கொச்சிக்குப் போச்சு, பாசி பத்தி இங்க அவ்வளவு காலமா வேலை நடக்குது. பாம்பன், ஏர்வாடி பக்கம் பொம்பளையாளுக கண்ணாடி மாட்டிக்கிட்டு முங்கி பாசி எடுக்குறதையும் பாக் ஜலசந்தி ஓரம் மூங்கில் மிதவை கட்டி கப்பாபைகஸ்ங்கிற பாசி வளக்குறதையும் பாத்திருப்பிய. கரையில ஒதுங்குன செவப்புப் பாசியைப் பாத்தா யாருக்கும் தோணும், இதைக் கோழிக்குப் போட்டா கரு செவக்காதான்னு. செவக்காது. செவப்புப் பாசியோட செவப்பு ஃபைகோஎரித்ரின், அது ஒரு புரதம், தண்ணியில கரையுறது, கோழி அதைப் பருப்பு மாதிரி செரிச்சுரும். கட்டக்கோரை மாதிரி பழுப்புப் பாசியில ஃபியூகோசாந்தின்னு கேரட்டினாய்டு வகை ஒண்ணு இருக்கு, அது கொழுப்புல கரையும் தான், ஆனா மக்காச்சோளம், செண்டுப்பூ அளவுக்கு அதை நம்பி எறங்க முடியாது. பாசியில அயோடினும் தாதுவும் உண்டு, அயோடின் முட்டைக்கும் போகுது, அதெல்லாம் நல்லது தான், கலருக்குன்னு போடாதீங்க. போடுறதா இருந்தாலும் நல்ல தண்ணியில ரெண்டு மூணு தடவை அலசி உப்பு எடுத்துட்டு கொஞ்சமா போடுங்க. உப்பு கூடுனா கோழி தண்ணியா குடிச்சு தண்ணியா கழியும், குஞ்சு செத்தே போகும்.

இனி நம்ம ஊரு தங்கம், முண்டு மிளகாய். 2023ல புவிசார் குறியீடு வாங்குச்சே, ராமநாதபுரம் குண்டு மிளகாய், அதே தான். மிளகாயோட செவப்பு கேப்சாந்தின், கேப்சோருபின், ரெண்டும் கொழுப்புல கரையுற கேரட்டினாய்டு, நேரா கருவுக்குப் போகும். பெரிய கம்பெனிக இதுக்கு காரம் கம்மியான மிளகாயில இருந்து சத்து எடுத்து தீவனத்துல கலக்குது. "ஐயோ கோழிக்கு எரியாதா"ன்னு எங்க ஆத்தா கேட்டுச்சு. எரியாது. நம்ம நாக்குல காரத்தைப் பிடிக்கிற ஒரு ரிசெப்டார் இருக்கு, அதைக் கண்டுபிடிச்சதுக்காகத் தான் அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸ் 2021ல நோபல் பரிசு வாங்குனாரு, 2002லயே அவரும் கூட வேலை பாத்தவரும் கோழியோட ரிசெப்டாரை எடுத்துப் பாத்தாங்க, அது சூட்டுக்கு அசையுது, காரத்துக்கு அசையவே இல்ல. மிளகாய்க்கும் அது தான் வேணும், பறவை தின்னு விதையை முழுசா வெளிய போடும், பல்லுள்ள பிராணி மென்னு அழிச்சிரும். களத்துல காயப்போட்ட வத்தலைக் காக்கா மைனா கொத்துறது கண்ணுல நீர் வராமத் தான்.

ஆனா நம்மாளுக கோழிக்குப் போடுறது எந்த மிளகாய்? நல்ல வத்தல் மூட்டையில விலைக்குப் போயிரும். மிஞ்சுறது சண்டு, வெளுத்து வெள்ளையா போன வத்தல். அதைத்தான் "கோழிக்கு ஆகும்"னு அள்ளிப் போடுறோம். யோசிச்சுப் பாருங்க, வெளுத்துப் போச்சுன்னாலே கேப்சாந்தின் போயிருச்சுன்னு தான் அர்த்தம், நிறத்துக்குன்னு போடுற பொருள்ல நிறமே இல்ல. அதுபோக பனியிலயும் மழையிலயும் நனைஞ்சு வெளுத்ததுல பூஞ்சை இருக்கும், பூஞ்சை இருந்தா அஃப்ளாடாக்சின்ங்கிற பூஞ்சை நஞ்சு இருக்க வாய்ப்பு ரொம்ப அதிகம், அது கோழி ஈரலைக் கெடுக்கும், ஈரல் கெட்டா கொழுப்பு செரிக்காது, கொழுப்பு செரிக்காட்டி நிறமும் ஏறாது. கலருக்குப் போட்டது கலரையே கெடுக்குற கதை. போடுறதா இருந்தா நல்ல செவப்பு வத்தல் நாலு எடுத்து அரைச்சுப் போடுங்க. நான் பத்து கிலோ தீவனத்துக்கு ஒரு கைப்பிடி தூள் போடுறேன், அதுவே தாராளம்.

இன்னொன்னு, வெளிறிக் கெடக்குற கருவுல மிளகாய் மட்டும் போட்டா ஒரு மாதிரி ரோஸ் கலந்த அசிங்கமான நிறம் தான் வரும். மொதல்ல மஞ்சள் அடித்தளம் வேணும், சுவத்துக்கு பிரைமர் அடிக்கிற மாதிரி, அதுக்கு மேல செவப்பு ஏறுனா தான் அந்த ஆரஞ்சு. கரு நிறம் பாக்க ஒரு விசிறி இருக்கு, பெயிண்ட் கடையில காட்டுற அட்டை மாதிரி, வெளிறின மஞ்சள்ல 1ன்னு ஆரம்பிச்சு 15, 16 வரைக்கும் போகும். பெரிய பண்ணைக அதை வச்சு தான் மஞ்சள் எவ்வளவு செவப்பு எவ்வளவுன்னு முடிவு பண்றாங்க.

மஞ்சளுக்கு உலகம் பூரா நம்புறது செண்டுப்பூ தான், சில ஊர்ல கேந்தின்னு சொல்லுவாங்க. இதழைக் காயவச்சு அரைச்சா கிலோவுக்கு ஆயிரக்கணக்கான மில்லிகிராம் சாந்தோஃபில், மக்காச்சோளத்தோட 20க்குப் பக்கத்துல வச்சுப் பாருங்க. சத்தியமங்கலம் பக்கம் இதுக்குன்னே ஒப்பந்தம் போட்டு பூ விவசாயம் நடக்குது. நம்ம பக்கம் ராமேஸ்வரத்துலயும் மத்த கோயில்லயும் கழிச்ச மாலை மூட்டை மூட்டையா கெடக்கு, அதை எடுத்து காயவச்சுப் போடலாமேன்னு எனக்கும் தோணுச்சு. ஆனா மாலைப்பூவுக்கு கடைசி நாள் வரைக்கும் மருந்து அடிப்பாங்க, நம்ம வீட்டு முட்டையைப் புள்ளைக தின்னும், அதனால அந்த ஆசையை விட்டுட்டு வீட்டுக்குப் பின்னாடி இருபது செடி வச்சேன். பூவுல இருக்குற லூட்டின் ஒரு கொழுப்போட ஒட்டிக்கிட்டு இருக்கும், கம்பெனிக அதைக் காஸ்டிக் சோடா மாதிரி காரப்பொருள் போட்டு பிரிச்சு எடுக்குறதால அவங்க பொருள் நல்லா ஏறுது, நம்ம வெறும் இதழ்த்தூள் அந்த அளவு ஏறாது, ஆனாலும் ஏறுது.

தண்ணியில மிதந்து வளர்ற அசோலாங்கிற செடியை வளங்கன்னு எல்லாரும் சொல்லுவாங்க, நல்ல பொருள் தான். ஆனா நம்ம கடற்கரை கெணத்துத் தண்ணி எப்படின்னு நமக்குத் தெரியும். உப்புத் தண்ணியில அசோலா பழுத்து கரைஞ்சு போயிரும், எனக்கு ரெண்டு தொட்டி போச்சு. முருங்கை தான் நமக்குன்னு அமைஞ்சது, மணல்லயும் வரும், கோடையிலயும் துளிர்க்கும். இலையில லூட்டினும் இருக்கு, பீட்டா கேரட்டினும் இருக்கு, புரதமும் இருக்கு. ஒரே ஒரு பக்குவம், வெயில்ல காயப்போடாதீங்க. வெயிலும் காத்தும் இந்த நிறத்தைத் தின்னுரும், பச்சை போய் வைக்கோல் கலர் ஆச்சுன்னா சத்து போச்சு. வீட்டுக்குள்ள நிழல்ல சாக்குல பரப்பி, மொறுமொறுன்னு ஆனதும் கசக்கி, இருட்டா ஒரு டப்பாவுல போட்டு ஒரு மாசத்துக்குள்ள தீத்துரணும். பத்து கிலோவுக்கு அரைக்கிலோ, அதுக்கு மேல போனா கோழி தீனியே கம்மியா எடுக்குது. சூபாபுல் மரத்து இலையும் நிறம் குடுக்கும், ஆனா அதுல மைமோசின்னு நஞ்சு இருக்கு, நான் அந்தப் பக்கம் போறதில்ல.

நண்டு ஓடு பத்தி சொல்லாம விட்டா நம்ம ஊருக்கே அவமானம். ஓலைக்கால் நண்டை உசுரோட பாத்தா நீலமும் பச்சையுமா இருக்கும், வேகவச்சா செவக்கும். அந்தச் செவப்பு முன்னாடியே உள்ள இருக்குறது தான், அஸ்டாசாந்தின், ஒரு புரதம் அதைப் பிடிச்சு வச்சு நீலமா காட்டுது, சூடு பட்டதும் புரதம் விட்டுருது. எறா தலையிலயும் இதே தான். இது கொழுப்புல கரையும், கருவுக்குப் போகும், நல்ல செவப்பும் குடுக்கும். கூடவே சுண்ணாம்பு சத்து. ஆனா உப்பும் உண்டு, கவுச்சியும் உண்டு, கொஞ்சம் கூடுனா முட்டையைப் பொரிக்கும்போதே கருவாட்டு வாடை தூக்கும், வட்டலப்பத்துக்குக் குடுத்தா லாத்தா கூடையோட திருப்பி அனுப்பிருவாங்க. வேகவச்ச ஓட்டை அலசி காயவச்சு இடிச்சு வாரத்துக்கு ரெண்டு நாள் ஒரு கை. பச்சை மீன் குடலை வெயில்ல வச்சு நாறடிச்சுப் போடுறது வேற கேடு, ஊசிப்போன மீன் எண்ணெய் தீவனத்துல இருக்குற வைட்டமின் ஈ, கேரட்டினாய்டு எல்லாத்தையும் அழிச்சிரும்.

சரி, கரு செவந்தா சத்து கூடவா? ஓரளவு தான் ஆமா. லூட்டினும் சியாசாந்தினும் நம்ம கண்ணுக்கு நல்லது, முட்டையில இருந்து அது நல்லா உடம்புல சேரும். குஞ்சு பொரிக்கிற முட்டையில கரு நல்ல நிறமா இருந்தா உள்ள வளர்ற குஞ்சுக்கு அந்த கேரட்டினாய்டு ஒரு பாதுகாப்பு. ஆனா வைட்டமின் ஏவையும் நிறத்தையும் போட்டுக் குழப்பிக்காதீங்க. வைட்டமின் ஏவா மாறுறது பீட்டா கேரட்டின், கோழி அதை உடனே மாத்திருது, மாறுன வைட்டமின் ஏவுக்கு கருவுல தெரியுற அளவு நிறம் கெடையாது. நிறம் குடுக்குற லூட்டின் வைட்டமின் ஏவா மாறாது. அதனால வெளிறின கருவுல வைட்டமின் ஏ நெறைய இருக்கலாம், செவந்த கருவுல கம்மியாவும் இருக்கலாம். மிளகாய்ச் செவப்பைப் பாத்து சத்துன்னு சொல்றது வியாபாரப் பேச்சு.

ஓட்டோட நிறத்துக்கும் தீவனத்துக்கும் சம்பந்தமே கெடையாது, அது ரத்தத்தோட சொந்தக்கார நிறமி, ஜாதி வழி வர்றது. வெள்ளை முட்டையை டீ டிகாஷன்ல முக்கி நாட்டுமுட்டைன்னு விக்கிறவங்க இருக்காங்க, ஈரத்துணியால தேச்சுப் பாருங்க. இறகு நிறமும் மெலனின்ங்கிற நிறமியோட கணக்கு, கோழியில கேரட்டினாய்டு இறகுக்குப் போறதில்ல. கொண்டைச் செவப்பு ரத்த ஓட்டம். சேவல் சண்டைக்காரங்க கொண்டை செவக்கன்னு என்னென்னமோ உருட்டிக் குடுக்குறாங்க, குடல்ல புழு இருந்தா எது குடுத்தும் கொண்டை வெளிறித் தான் நிக்கும், மொதல்ல புழுவுக்குப் பாருங்க.

பருத்தி புண்ணாக்கு போடுறவங்களுக்கு ஒரு வார்த்தை. அதுல காசிபால்னு ஒண்ணு இருக்கு, முட்டையை நாலு நாள் வச்சிருந்தா கரு ஆலிவ் பச்சையா பழுப்பா மாறிரும். மாட்டோட நிறுத்திக்கோங்க.

செயற்கை நிறம் எல்லாம் விசம்னும் நான் சொல்ல மாட்டேன். கேந்தாசாந்தின்னு செவப்பு ஒண்ணு பல நாட்டுல அனுமதிச்சது தான், ஐரோப்பாவுல முட்டைக்கோழி தீவனத்துல கிலோவுக்கு 8 மில்லிகிராம்னு 2003ல வரம்பு வச்சாங்க, தோல் நிறத்துக்காக அதை மாத்திரையா தின்ன மனுசங்க கண்ணுல அது படிகமா ஒக்காந்ததைப் பாத்த பிறகு. பயப்பட வேண்டியது சூடான் மாதிரி சாயத்துக்கு. 2006ல சீனாவுல ஹெபெய் பக்கம் வாத்து முட்டைக்கரு செவக்கணும்னு சூடான் 4ங்கிற சாயத்தைத் தீவனத்துல கலந்தது பெரிய விசயமாச்சு, அது மெழுகுக்கும் எண்ணெய்க்கும் போடுற தொழிற்சாலைச் சாயம். கொழுப்புல கரையும், அதனால கருவுல அழகா ஒக்காரும். ஏரியில எறா, சின்ன மீனு தின்ன வாத்துக்கு அங்க கரு இயற்கையாவே செவப்பா இருக்கும்னு ஒரு பேரு, அந்தப் பேரைக் காசாக்கத் தான் இந்த வேலை.

இனி காலு. எனக்கு இதுல தான் ரொம்ப சுவாரசியம். சந்தையில கோழி வாங்குறவங்க மொதல்ல காலைப் பாப்பாங்க, மஞ்சளா மினுமினுன்னு இருந்தா "நல்ல கோழி"ம்பாங்க. காலு மஞ்சளாகணும்னா ரெண்டு வேணும், தீனியில நிறம், ரத்தத்துல அதுக்கான ஜீன். தோல் மஞ்சளாகுற ஜீன் வீட்டுக்கோழிக்கு வந்ததே நம்ம மேற்குத்தொடர்ச்சி மலையில திரியுற சாம்பல் காட்டுக்கோழி கிட்ட இருந்துன்னு 2008ல கண்டுபிடிச்சாங்க, செவப்புக் காட்டுக்கோழி மட்டும் தான் மூதாதைன்னு அதுவரைக்கும் நெனச்சிருந்தாங்க. அந்த ஜீன் இல்லாத வெள்ளைக்கால் கோழிக்கு மூட்டை செண்டுப்பூ போட்டாலும் காலு மஞ்சளாகாது, கரு மட்டும் ஆகும். கடக்நாத் கருங்கோழியோட கருப்பும் தீவனத்துல வர்றதில்ல.

மஞ்சக்கால் பெட்டை முட்டை போட ஆரம்பிச்சதும் திங்குற நிறம் பூரா கருவுக்குத் திரும்பிரும், தோல்ல இருக்குறது மெல்ல வெளுக்கும். அதுக்கு ஒரு வரிசை இருக்கு. மொதல்ல எச்சவாயைச் சுத்தி, அப்புறம் கண்ணு வளையம், அப்புறம் அலகு அடியில இருந்து நுனிக்கு, கடைசியா காலு. காலு வெளுக்க நாலஞ்சு மாசம் விடாம முட்டை போட்டிருக்கணும். முட்டை நின்னதும் அதே வரிசையில மஞ்சள் திரும்பும். எங்க வீட்டுல பச்சைக்கால் பெட்டை ஒண்ணு, தோலுக்கு அடியில கருப்பும் மேல மஞ்சளும் சேந்து தான் அந்தப் பச்சை, அது முட்டை போடப் போட மஞ்சள் எறங்கி இப்ப காலு நீலச் சாம்பலா நிக்குது, பக்கத்து வீட்டு அக்கா கோழி மாறிப்போச்சான்னு கேக்குது.

வெளுப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு, அதைப் பிரிச்சுப் பாக்கத் தெரியணும். ரத்தக்கழிச்சல் வந்தா குடல் சுவரு புண்ணாகி நிறத்தை உறிஞ்சாது, முட்டையே போடாத வெடையும் குஞ்சும் கூட காலு வெளிறும், எறகைத் தொங்கவிட்டு மூலையில நிக்கும், கொண்டையும் சுருங்கும். அப்ப செண்டுப்பூ தேடாதீங்க, டாக்டரைத் தேடுங்க. கொண்டை செவந்து, வயிறு மெத்துன்னு, காலு மட்டும் வெளுத்திருந்தா அது முட்டைக்காரி.

லாத்தாவுக்கு இப்ப முருங்கைத்தூளும் ஒரு கை மிளகாயும் போட்ட முட்டை தான் போகுது, ஆர்டர் வர்றதுக்குப் பன்னெண்டு நாள் முன்னாடியே சொல்லிரணும்னு ஒப்பந்தம். போன வாரம் கோழி யாவாரி வந்தாரு, கூண்டுக்குள்ள குனிஞ்சு ஒவ்வொரு காலா பாத்துட்டு, மஞ்சளா மினுமினுன்னு இருந்த ரெண்டு பெட்டையைத் தூக்குனாரு, "இதுக தாண்ணே நல்ல கோழி, அந்த வெளுத்தது சீக்குக் கோழி, கழிச்சிருங்க"ன்னாரு. அவர் தூக்குன ரெண்டும் முட்டை போடுறதை நிறுத்தி ரெண்டு மாசம் ஆச்சு. சரிங்கண்ணேன்னு காசை வாங்கிக்கிட்டேன், வெளுத்தது அன்னைக்கும் ஒரு முட்டை போட்டிருந்துச்சு.